காய்த்த இலைகள் பதினேழு

அன்று வந்தவர்கள் இருபத்திரண்டு பேர் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் பழைய நாட்குறிப்பைத் தேடியெடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மழை பெய்ததாக நினைவு. நாட்குறிப்பில் "வறண்ட காலை, நான்கு நாளாக மழை இல்லை" என்றிருக்கிறது. ஆகவே நான் சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம். ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நாளை நினைத்தால் வாயில் ஒரு பச்சைக் கசப்பு ஊறுகிறது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தால்தான் வேறு எதையும் யோசிக்க முடிகிறது.

1983. வட இங்கிலாந்தின் கம்பர்லாந்து மலைகளுக்குக் கீழே உள்ள எங்கள் சிறிய ஊரின் நூலகத்தில் எனக்கு வேலை. அதோடு மாவட்டச் செடிப் பதிவாளர் என்று சம்பளமில்லாத ஒரு பொறுப்பும் இருந்தது. யாராவது புதிதாக ஒரு செடியைக் கண்டால் எனக்கு எழுதுவார்கள். நான் போய்ப் பார்த்து, சரியென்றால் ஒரு அட்டையில் பெயர், இடம், தேதி குறித்துப் பெட்டியில் வைப்பேன். அதிகம் பேசத் தெரியாதவனுக்கு ஏற்ற வேலை.

எட்னா காஸ்கார்த் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் தனியாக ஆட்டுப்பண்ணை நடத்திக்கொண்டிருந்தாள். என் வயதுதான், நாற்பத்தாறு. புருஷன் இறந்து ஆறு வருஷம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நூலகத்துக்கு வந்து நான்கு துப்பறியும் நாவல்கள் எடுத்துப் போவாள். திரும்பி வரும் புத்தகங்களில் ஆட்டு ரோமத்தின் பிசுக்கு வாடை இருக்கும். கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் கால் மணி நேரம் உட்காருவாள். நானும் உட்காருவேன். பெரும்பாலும் இருவரும் பேச மாட்டோம். எனக்கு இருந்த நட்பு அதுதான்.

அவள் வீட்டுக்கு மேலே உள்ள மலையில் ஒரு மரக் கம்பெனி ஊசியிலை மரங்கள் வளர்த்திருந்தது. மரம் வெட்டும் பருவம் வந்துவிட்டது. லாரிகளுக்குச் சாலை வேண்டும். வரைபடத்தில் அவர்கள் போட்ட கோடு ஸ்கார் ஓடையை அதன் குறுகலான பிளவிலேயே வெட்டிக்கொண்டு போனது. அதற்கு நாற்பது அடி கீழேதான் எட்னாவின் தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்கும் முந்நூறு ஆடுகளுக்கும் அந்தத் தொட்டித் தண்ணீரைத் தவிர வேறில்லை. அவள் இரண்டு கடிதம் எழுதினாள். இரண்டுக்கும், முடியாது என்ற ஒரே பதில் வந்தது.

"அந்த ஓடையில ஏதாவது இருக்கான்னு பாரு, ராலண்ட்," என்றாள். "ஒரு தவளை, ஒரு புழு, எதுவானாலும் சரி. ஆபீஸ்ல அதுங்களுக்குத்தான் மரியாதை. எனக்கு இல்ல."

ஆகஸ்ட் கடைசியில் போய்ப் பார்த்தேன். பிளவுக்குள் ஒரு பாறை முக்கைச் சுற்றினால், ஒருவர் மட்டும் முழந்தாளிட்டு உட்காரக்கூடிய திட்டு ஒன்று இருக்கிறது. எதிரே வெயில் படாத சரிவான பாறை. அதில் மேசை விரிப்பு அளவுக்குச் சவ்வுப் பெரணி என்ற பூக்காத செடி படர்ந்திருந்தது. தெரியாதவர்கள் பாசி என்று நினைத்துக் கடந்து போவார்கள். விரல் நீள இலை. ஒரே ஒரு செல் கனம். வெளிச்சத்தில் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் தெரியும்.

எங்கள் பக்கத்தில் இதில் இரண்டு வகை. வில்சன் பெரணி ஓடைக்கு ஓடை கிடக்கிறது. அதற்காக எந்த அலுவலகமும் எந்தச் சாலையையும் நகர்த்தாது. டன்பிரிட்ஜ் பெரணி அப்போது மாவட்டத்திலேயே இரண்டு இடத்தில்தான் பதிவாகியிருந்தது. மூன்றாவது இடம் என்று நிரூபணமானால் கம்பெனி சாலைக்குப் போட்ட கோட்டை மாற்றியே ஆக வேண்டும்.

வில்சன் கரும்பச்சை. இலை பின்னோக்கி வளைந்து தொங்கும். நரம்பு இலைக்கூறின் நுனிவரை ஓடும். டன்பிரிட்ஜ் தட்டையாக, நீலம் கலந்த பச்சையாகப் பாறையோடு ஒட்டிக் கிடக்கும். நரம்பு நுனிக்குச் சற்று முன்பே நின்றுவிடும். புத்தகத்தில் இவ்வளவும் தெளிவு. பாறையிலோ நிழலும் வறட்சியும் சேர்ந்து ஒன்றை மற்றொன்றைப் போலாக்கிவிடும். ஏமாற்றாத அடையாளம் வித்துப்பை ஒன்றுதான். காய்த்த இலையில், கூறுகளின் அடியில், குண்டூசித் தலையளவில் சிப்பி போல இரண்டு மூடிகள் சேர்ந்திருக்கும். வில்சனில் மூடியின் விளிம்பு வழவழவென்று இருக்கும். டன்பிரிட்ஜில் அது பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும்.

திட்டில் முழந்தாளிட்டு லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். பாறையில் பெரும்பகுதி வில்சன்தான். இடது ஓரத்தில் ஒரு கையகலத்துக்குப் பல் விளிம்பு. எண்ணினேன். காய்த்த இலைகள் பதினேழு. ஒன்றையும் தொடவில்லை. அன்று எனக்கு என்னைப் பற்றி இருந்த நல்ல எண்ணத்தை இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அரசின் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதினேன். டாக்டர் லோமாக்ஸ் என்ற நிபுணர் செப்டம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. அவர் கறாரான மனிதர். இளவயதில் காய்க்காத இலையை நம்பி ஒரு பெரணியின் பெயரைத் தவறாக அச்சிட்டுவிட்டு அவமானப்பட்டவர். அதற்குப் பிறகு, உயிருள்ள பாறையில் வித்துப்பையைத் தன் கண்ணால் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

எட்னாவிடம் சொன்னேன்.

"பதினேழா? மொத்தமே பதினேழா?"

"ஒண்ணு போதும், எட்னா. ஒரே ஒரு இலை காய்ச்சிருந்தா போதும்."

"அப்ப வேலி போட்டுடறேன். ஆடு ஏறிடப் போவுது."

"அங்க ஆடு ஏறாது. அதவிட நல்ல யோசனை ஒண்ணு இருக்கு."

அந்த நல்ல யோசனை, எங்கள் மாவட்டப் பெரணிச் சங்கத்தை முந்தின சனிக்கிழமை அங்கே அழைத்துப் போவது. சாட்சிகள் அதிகமிருந்தால் கம்பெனியால் மறுக்க முடியாது என்று சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. இருபது வருஷம் மற்றவர்கள் கண்டதையே அட்டையில் எழுதிவந்தவன் நான். நானே கண்ட ஒன்றின் முன்னால் அவர்கள் முழந்தாளிடுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

"எதுக்கு இத்தன பேரு?" என்றாள் எட்னா.

"ஒருத்தரும் தொட மாட்டாங்க. சங்கத்துல அது சட்டம்."

"நீ பொறுப்பா?"

"நான் பொறுப்பு."

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். மெழுகுத் துணி மேலங்கி, இருமல் மிட்டாய், அவித்த முட்டை வாடை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸுகள். சங்கச் செயலாளர் மிஸ் ஹார்பாட்டில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வாசல் கேட்டின் கீழ்க் கம்பியில் ஏறி நின்றுகொண்டு சங்கத்தின் விதியை உரக்க வாசித்தார். பறிக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது, மிதிக்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எட்னா தேநீர்த் தட்டோடு வந்தாள். "ஒரு பாசியப் பாக்க இத்தன பேரு வரிசையில நிக்கிறீங்களே. அடுத்த வாரம் வாங்க, என் சாணிக் குழியக் காட்டறேன். டிக்கெட் போட்டு."

"சாணிக் காளான் இருக்கா, மிஸஸ் காஸ்கார்த்?" என்றார் புகையிலைத் தகரத்தோடு வந்திருந்த ஒருவர். "இருந்தா நாளைக்கே வர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எட்னாவும்தான்.

திட்டில் ஒருவருக்கு மேல் இடமில்லை. ஆகவே ஒவ்வொருவராகப் போய் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. பாறை முக்கைத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவர்களுக்குத் தெரிய மாட்டார். வழுக்குகிறதா என்று பார்க்க நான் முதலில் போனேன்.

மழையில்லாததால் இலைகள் சுருண்டு கிடந்தன. லென்ஸில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வியாழக்கிழமைக்குள் மழை வரும், விரிந்துகொள்ளும், கவலையில்லை. ஆனால் என் சொந்தத் தொகுப்பில் டன்பிரிட்ஜ் இல்லை என்பது அந்த இடத்தில், யாரும் பார்க்காத அந்த நிமிஷத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. ஒன்றை எடுத்தால் பதினாறு இருக்கும். கட்டைவிரல் நகத்தால் காம்பைக் கிள்ளினேன். சுருண்ட இலையை நாக்கில் வைத்து ஈரமாக்கினேன். எங்களில் பலர் செய்வதுதான். விரிந்ததும் லென்ஸில் பார்த்தேன். பற்கள் அழகாக இருந்தன. குறிப்பேட்டின் இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து மூடினேன்.

வெளியே வந்து, "பத்திரம். கொஞ்சம் வழுக்குது," என்றேன்.

அதன் பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் முக்கில் நின்று கை கொடுத்து இறக்கிவிட்டேன். திரும்பி வரும்போது எல்லோர் முகமும் ஒரே மாதிரி இருந்தது. அமைதியாக, கொஞ்சம் கூச்சத்தோடு, தேவாலயத்திலிருந்து வருபவர்கள் போல. "அற்புதம், ராலண்ட்," என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். ஐந்தாவதாக வந்தவர் புகையிலைத் தகரத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டதைப் பார்த்தேன். உள்ளே போகும்போது அது அவர் கையில் இருந்தது. பதினைந்து, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் குறிப்பேடு என் நெஞ்சுப் பையில் இருந்தது. அவருக்குப் பிறகு வந்தவர்களின் கைகளை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயற்சி எடுத்துக்கொண்டேன் என்பதே சரி.

பார்த்து முடித்தவர்கள் சுவரில் உட்கார்ந்து முட்டை ரொட்டி தின்றார்கள். மஞ்சள் துணுக்குகள் ஒட்டிய உதடுகளோடு லத்தீன் பெயர்களைச் சொன்னார்கள். மேலே எங்கோ ஒரு செத்த ஆடு கிடந்து நாறியது. யாருக்கும் அது பசியைக் கெடுக்கவில்லை.

கடைசியாக உள்ளே போனவர் மிஸ் ஹார்பாட்டில். அவர் வெகுநேரம் வரவில்லை. பிறகு பாறை முக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"ராலண்ட், காய்ச்சது எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது ஓரம், மிஸ் ஹார்பாட்டில்."

"இடது ஓரம் பாத்துட்டேன். ஒண்ணும் கெடைக்கல."

கிடைக்கவில்லை என்றார். தெரியவில்லை என்று சொல்லவில்லை. அவர் கையில் திறந்த ஒரு சிறிய காகித உறை இருந்தது. அதன் மேல் இடமும் தேதியும் முன்பே மையால் எழுதியிருந்தன.

அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். இடது ஓரத்தில் காம்புகள் மட்டும் நின்றன. சவரம் செய்த முகத்தில் மறுநாள் முளைக்கும் மயிர் போல. ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்றுதான் எடுத்திருந்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. யாரும் பேராசைப்படவில்லை. வில்சன் பக்கத்திலும் சில காம்புகள் முறிந்திருந்தன. பின்னால் வந்தவர்கள் நல்லது கிடைக்காமல் கிடைத்ததை எடுத்திருக்கிறார்கள். பாறையில் யாருடைய எச்சிலோ வழிந்திருந்தது. அது என்னுடையதாகவும் இருக்கலாம். ஓடையில் குனிந்து வாயைக் கொப்பளித்தேன்.

கீழே எட்னா எல்லோருக்கும் இஞ்சி கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்க பரவாயில்லப்பா. நான் என்னமோன்னு நெனச்சேன்," என்றாள். கேக்கை வாங்கித் தின்றேன்.

ஞாயிறு மாலை மிஸ் ஹார்பாட்டிலுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர்கள் எல்லோரும் இலையைக் கொடுத்து, எங்கே எடுத்தோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் டாக்டர் லோமாக்ஸிடம் காட்டலாம் என்றேன்.

"எடுத்தவங்களா?" என்றார். "நம்ம சங்கத்துல யாரு எடுப்பாங்க, ராலண்ட்?"

"உங்க கையில உறை இருந்துச்சு."

"காலி உறை. அது குத்தமா?"

மறுமுனையில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் யோசிங்க," என்றார் பிறகு, பள்ளிக்கூடக் குரலில். "செடிகளக் காப்பாத்தற சங்கம் ஒரு அபூர்வச் செடிய மொட்டையடிச்சுதுன்னு பேப்பர்ல வரணுமா? நாப்பது வருஷச் சங்கம். அப்புறம் ஒரு விஷயம். முதல்ல உள்ள போனது நீங்க. அதுக்கு முன்னாடி பதினேழு இருந்துச்சுன்னு சொன்னதும் நீங்க மட்டும்தான்."

"நானும் ஒண்ணு எடுத்தேன்," என்றேன்.

"அது எனக்குத் தெரிய வேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னும் நான்கு பேரிடம் பேசினேன். எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். ஒருவர், சுருண்டிருந்ததால் தனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை என்றார். புகையிலைத் தகரக்காரர், தான் அதில் புகையிலைதான் வைப்பதாகச் சொன்னார். அவர்களை வெறுத்தேன். அந்த வெறுப்பில் என் குறிப்பேட்டை இரண்டு நாள் மறந்திருந்தேன். அது ஒரு வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை மழை பெய்து எல்லா இலைகளும் விரிந்திருந்தன. டாக்டர் லோமாக்ஸ் ஒல்லியான, தும்மிக்கொண்டே இருக்கும் மனிதர். அவரோடு கம்பெனிக்காரர் ஸ்டோப்பர்ட்டும் வந்திருந்தார், புது ரப்பர் பூட்ஸில். எட்னா தொட்டிப் பக்கம் நின்றாள். என் குறிப்பேடு என் பையில்தான் இருந்தது.

லோமாக்ஸ் திட்டில் அரைமணி நேரம் முழந்தாளிட்டுக் கிடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இடது பக்கம் தட்டையா இருக்கு. நிறமும் டன்பிரிட்ஜ் மாதிரிதான். நரம்பு சிலதுல நிக்குது, சிலதுல நிக்கல. காய்ச்ச இலை ஒண்ணுகூட இல்லையே, மிஸ்டர் டவ்சன். நீங்க பதினேழுன்னு எழுதியிருந்தீங்க."

"இருந்துச்சு."

"காம்பு இருக்கு. முறிஞ்ச காம்பு." அவர் விரலால் காட்டினார். "என்ன ஆச்சு?"

இதற்குத்தான் நான்கு இரவுகள் பதில் தயாரித்திருந்தேன். இரண்டு பதில்கள். ஒன்று குறிப்பேட்டை எடுத்து நீட்டுவது. அதை நீட்டினால் நான் பதிவாளராக இருக்க முடியாது. ஊரில், நூலகத்தில், சங்கத்தில் என் பெயர் என்னவாகும் என்று ஒவ்வொரு படியாக யோசித்து வைத்திருந்தேன்.

"நத்தைகள் தின்னிருக்கும்," என்றேன்.

அவர் தும்மினார். கைக்குட்டையை மடித்தார். "நத்தை தின்னா விளிம்பு கந்தலா இருக்கும். இது நேரா இருக்கு. யாராவது பறிச்சாங்களா? பறிச்சிருந்தா சொல்லுங்க. அப்ப நான் இத வேற மாதிரி பாக்கணும். அந்த இலைகளக் கேட்டு வாங்கணும், அடுத்த வருஷம் காய்க்கிறவரைக்கும் சாலைய நிறுத்தி வைக்கச் சொல்லலாம். யாராவது வந்தாங்களா?"

ஸ்டோப்பர்ட் பாறை முக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எட்னாவும் ஏறி வந்துவிட்டாள். அவளுக்குத் தெரியும், யார் வந்தார்கள் என்று. தேநீர் கொடுத்தவள் அவள். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றாள். செடி விஷயம் என்னுடையது, நான்தான் சொல்வேன் என்று விட்டுவிட்டாள். எப்போதும் போல இருவரும் பேசாமல் இருந்தோம்.

"வந்தாங்க. பாத்துட்டுப் போனாங்க. யாரும் பறிக்கல," என்றேன்.

"நிச்சயமா?"

"நான்தான் பக்கத்துல நின்னேன்."

லோமாக்ஸ் அதை எழுதிக்கொண்டார். "மன்னிக்கணும், மிஸஸ் காஸ்கார்த்," என்றார் எட்னாவிடம். "வில்சன் நிறைய இருக்கு. இன்னொண்ண என்னால உறுதி செய்ய முடியல."

"அடுத்த வருஷம் காய்க்குமா?" என்றாள்.

"காய்க்கலாம். ஆனா நிறுத்தி வைக்க எனக்கு ஒரு காரணம் வேணும். நத்தைய காரணமா எழுத முடியாது."

ஸ்டோப்பர்ட் தன் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுலயும் நத்தைத் தொல்லை தாங்கலங்க. கோசு முழுக்கக் காலி," என்றார். உண்மையான அனுதாபத்தோடுதான் சொன்னார். அன்று அங்கே இருந்தவர்களில் நத்தையை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அவர்கள் வண்டி போன பிறகு முற்றத்தில் நானும் எட்னாவும் நின்றோம்.

"அந்த வறட்சியில நத்தையா, ராலண்ட்?"

நான் குனிந்து பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் துடைத்தேன்.

"நீயும் எடுத்தியா?"

பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துத் திறந்து காட்டினேன். இலை தாளோடு ஒட்டி, பழுப்பாகத் தொடங்கியிருந்தது. அவள் கையில் வாங்கவில்லை. கிட்டே குனிந்து பார்த்தாள்.

"இதுக்கா?" என்றாள். "இத இப்ப எனக்குக் காட்டற. அந்தாளு கேட்டப்ப ஏன் காட்டல?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் என்னவாம்?"

இன்னும் ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிசெய்து, அதன் மேல் கல்லை நகர்த்தி வைத்தாள். பிறகு, "போயிடு. என் வாசல்ல நிக்காத. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு," என்றாள். சேற்றில் கிடக்கும் எதையோ பார்ப்பது போலத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் தவறு எதுவும் இருந்ததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

அன்றே லோமாக்ஸுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். அவர் அறிக்கை அனுப்ப ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் நான் நூலகத்தில் உட்கார்ந்து, திரும்பி வந்த புத்தகங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

சாலை அடுத்த ஏப்ரலில் வந்தது. பாறையை வெடி வைத்துப் பிளந்தார்கள். எட்னாவின் தொட்டியில் களிமண் இறங்கியது. இரண்டு குளிர்காலம் அவள் பக்கத்துப் பண்ணையிலிருந்து பால் கேன்களில் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்தாள். மூன்றாம் வருஷம் ஆடுகளை விற்றுவிட்டு கார்லைலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். 1996இல் அங்கேயே இறந்தாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நூலகத்துக்கு அவள் வரவில்லை. அவள் எடுத்துப் போயிருந்த நான்கு நாவல்கள் தபாலில் வந்தன. மிஸ் ஹார்பாட்டில் மேலும் பதினொரு வருஷம் செயலாளராக இருந்து, எண்பத்தொன்பது வயதில் தூக்கத்தில் இறந்தார். டாக்டர் லோமாக்ஸ் ஓய்வுபெற்றுத் தெற்கே போனார். ஸ்டோப்பர்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. மரங்களை ஒருமுறை வெட்டிய பிறகு கம்பெனி அந்தச் சாலையைப் பயன்படுத்தவில்லை. பெரணிச் சங்கம் இன்னும் நடக்கிறது. நான் அந்த வருஷக் கடைசியில் பதிவாளர் பொறுப்பை விட்டேன். காரணம் கேட்டவர்களுக்குக் கண் பார்வை சரியில்லை என்றேன். இப்போது எழுபத்தொன்பது வயதாகிறது, தனியாக இருக்கிறேன்.